ஒன்பது மணிப் பூட்டு

எங்கள் காலனியில் 114 படிகள் கொண்ட ஒரு படிக்கட்டு இருக்கிறது. கீழ் வரிசை வீடுகளில் ஆரம்பித்து, எங்கள் தெருக்கள் மூன்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, மேலே பஸ் போகும் ரோட்டில் போய் முடியும். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் படிக்கட்டின் நடுவில், சரியாக எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே, இரும்பு கேட் போட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டு, காலை ஆறு மணிக்குத் திறப்பு. 'போட்டார்கள்' என்று எழுதுவது சௌகரியமாக இருக்கிறது. போட்டோம். எங்கள் வீட்டு ஓனர்கள் சங்கத்தின் தீர்மான நோட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது. அப்பாவுக்கு மூட்டு வலி, கூட்டத்துக்கு நீ போய்விட்டு வா என்றார். போனேன், டீ குடித்தேன், எல்லோரும் போட்ட இடத்தில் நானும் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு அதைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன். அப்புறம் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவு. மேலே 44 வீடுகள். எண்பதுகளில் வீட்டு வசதி வாரியம் தவணை முறையில் ஒதுக்கியவை. ஓட்டுக் கூரை போய் கான்கிரீட் வந்து, கான்கிரீட்டுக்கு மேல் தகரம் வந்து, இப்போது பார்த்தால் ஒன்றுகூட முதலில் கட்டிய மாதிரி இல்லை. கீழே 96 வீடுகள், தரைத்தளமும் ஒரு மாடியுமாக வரிசை வரிசையாக. ஒவ்வொன்றும் 400 சதுர அடிக்கும் குறைவு. 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அதற்கப்புறம் ஓடைக் கரையிலும் சரியக்கூடிய மேட்டிலும் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து அங்கே குடிவைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நுழைவு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே பிள்ளையார். நாங்கள் அவர்களை 'போர்டு வீடு' என்போம். அவர்கள் எங்களை 'ஓனர் லைன்' என்பார்கள்.

போர்டு என்றால் குடிசை மாற்று வாரியம். 1970-ல் ஆரம்பித்த அதற்கு 2021-ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றினார்கள். அரசாங்கப் பலகையிலிருந்து குடிசை போய்விட்டது. எங்கள் சங்கக் கூட்டத்தில் இன்னும் போகவில்லை. "கெடக்கறது பூரா குடிசைல இருந்து வந்த ஜனம், அதுங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் சொன்னபோது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும்தான்.

நாங்கள் சொன்ன காரணங்கள்

முதல் காரணம் குப்பை. அது பொய் இல்லை. கீழே இருக்கும் தொட்டி நிரம்பி வழிகிறது, கரடி வந்து கிளறுகிறது, காட்டுமாடு நின்று தின்கிறது. ஆனால் 96 வீட்டுக்கு இரண்டு தொட்டி என்றால் எந்த ஊரிலும் வழியத்தான் செய்யும். இன்னொரு விஷயத்தைக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை. மேல் வரிசையில் பாதி வீட்டுக்குச் செப்டிக் டேங்க் பழசு. மழைக்காலத்தில் அது நிறைந்து, கசிந்து, தடுப்புச் சுவர் வழியாகக் கீழ் வரிசையின் பின்கட்டில் போய் இறங்குகிறது. அந்தச் சுவரில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகளில் மண் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சுவருக்குப் பின்னால் ஈரம் சேர்ந்து, மண் கனத்து, சுவரைத் தள்ளும். மலையில் சுவர் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். மழை ஆரம்பிக்கும் முன்னால் அந்தத் துளைகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணுவது கீழ் வரிசைப் பையன்கள். சுவர் விழுந்தால் மண் அவர்கள் மேல்தான் விழும் என்பதால் செய்கிறார்கள், எங்கள் மேல் பாசத்தால் இல்லை. ஆனாலும் அந்தச் சுவருக்கு மேல் நிற்பது எங்கள் வீடுகள்.

இரண்டாவது, வீட்டு மதிப்பு. விற்கப் போனால் வாங்க வருகிறவர் ஜன்னலைத் திறந்து கீழே பார்க்கிறாராம், விலையைக் குறைக்கிறாராம். இதைச் சொன்னவர் வீட்டை விற்கப் போகிறவர் இல்லை. பேரனுக்கென்று வைத்திருக்கிறார்.

மூன்றாவதுதான் கேட்டுக்கு நேரடிக் காரணம்: ராத்திரிச் சத்தம். நடுராத்திரி ஒரு மணிக்குப் படிக்கட்டில் ஆள் நடமாட்டம், பேச்சு, டார்ச் வெளிச்சம், மேலே ரோட்டில் பிக்கப் ஹாரன். நீலகிரிக்காரர்களுக்கு இது என்ன என்று தெரியும். கேரட் வேலை. நடுராத்திரி கிளம்பி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்கி, கேரட் கழுவும் மெஷினுக்குக் கொண்டுபோய்க் கழுவி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றிவிட வேண்டும். கீழ் வரிசையில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் போகிறார்கள். வண்டி மேல் ரோட்டில்தான் வரும், கீழே இறங்கித் திரும்ப இடம் கிடையாது. ஆக நாங்கள் ஒன்பதிலிருந்து ஆறுவரை பூட்டியபோது, 'ராத்திரியில் சுற்றுகிறவர்கள்' என்று நாங்கள் நினைத்துப் பூட்டியது, வேலைக்குப் போகிறவர்கள் மேல்.

இதில் எனக்கு உறுத்துகிற ஒரு கணக்கு உண்டு. எங்கள் 44 வீடுகளில் மூன்று இப்போது டூரிஸ்ட்டுகளுக்கு விடும் காட்டேஜ். 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் அந்த வீடுகளுக்குக் கூட்டம் குறையவில்லை. சனிக்கிழமை ராத்திரி வாசலில் தீ மூட்டி, ஸ்பீக்கர் வைத்து, இரண்டு மணிவரை ஆட்டம். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பாள். அந்த வீடுகளுக்குக் கேட் போடணும் என்று இதுவரை ஒருவரும் தீர்மானம் கொண்டுவரவில்லை. அவர்களும் ஓனர்தானே. கேரட் பிடுங்கப் போகிறவர்களின் செருப்புச் சத்தம்தான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது.

கல்வெர்ட்டுக்கு அடியில் அரை மணி நேரம்

பூட்டுப் போட்ட பிறகு கேரட்டுக்குப் போகிறவர்கள் கீழ் ரோட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். விளக்கு இல்லை. டிசம்பரில் உறைபனி விழுகிற நேரத்தில் புல் எல்லாம் வெள்ளையாக, கால் வைத்தால் நொறுங்கும். அங்கே திருப்பத்தில் காட்டுமாடு நிற்கும்.

கீழ் வரிசையில் ஒரு அக்கா உண்டு. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோதெல்லாம் வந்து வீட்டு வேலைக்கு உதவுவார். அவருடைய பாட்டி கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் ஒருவர். அவர்களைக் குடிவைக்கத்தான் அரசாங்கம் நீலகிரியில் தேயிலை நட்டது. 1976-ல் அது டான்டீ என்கிற அரசாங்கத் தேயிலைக் கழகம் ஆனது. பாட்டி இருந்தது தோட்டத்து லைன் வீடு, அம்மா இருந்ததும் லைன் வீடு. வேலை இருக்கிறவரை வீடு. அக்கா ஓடைக் கரைக்கு வந்து, மண்சரிவுக்குப் பிறகு இங்கே வந்தார். இன்றும் எங்கள் தெருவில் சிலர் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறவர்களை.

ஒரு நாள் காலை அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. குறை சொல்கிற குரலே இல்லை. ஏதோ பஸ் கிடைக்கவில்லை என்கிற மாதிரிதான் சொன்னார். மூடுபனியில் திருப்பத்துக்கு வந்ததும் மூச்சுச் சத்தம் கேட்டிருக்கிறது. டார்ச் அடித்தால் பத்தடியில் காட்டுமாடு. கூட வந்தவர்கள் பின்னால் ஓடிவிட்டார்கள். இவர் ரோட்டோரக் கல்வெர்ட்டுக்குள் இறங்கி, தண்ணீரில் கால் நனைய, அரை மணி நேரம் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறார். மாடு போனபோது பிக்கப்பும் போய்விட்டது. அன்றைக்குக் கூலி இல்லை.

"அதுக்கு மேல என்னம்மா, உயிரு கெடந்துச்சே" என்று சிரித்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கேட், புதுப் பெயிண்ட் காயாத பச்சையில்.

அந்த வாரம்தான், ராத்திரி தூக்கம் வராமல், உலகத்தில் வேறு எங்கேயாவது இப்படி நடக்கிறதா என்று தேடிப் படித்தேன். நடக்கிறது. 2019-ல் லண்டனின் தெற்கே ஒரு குடியிருப்பு செய்தியில் வந்தது. வீடு வாங்கியவர்களும் சமூக வாடகை வீட்டில் இருப்பவர்களும் ஒரே வளாகத்தில். நடுவில் குழந்தைகள் விளையாட இடம். வாடகை வீட்டுக் குழந்தைகள் அங்கே போக முடியாதபடி இடையில் அடர்த்தியாகப் புதர்வேலி. பூட்டு, சாவி எல்லாம் எங்களுக்கு, அவர்களுக்குச் செடி. நாகரிகம்தான்! அதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், வேலியை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் சொந்த வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம்தான் கூட்டாளிகள். செய்தி வெளியே வந்து நாறியதும் வழி திறந்தது. எங்கள் சங்கத்தில் பெரும்பாலோர் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். படிக்கட்டில் சேர்ந்து விளையாட யாரும் இல்லை.

அப்பாவின் ஃபைல்

கீழ் வரிசைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார்கள். செயலாளர் பதறிப்போய் எல்லா வீட்டுக்கும் போன் பண்ணினார். பழைய லே-அவுட் வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா, படிக்கட்டு நம் மனைகளோடு சேர்ந்தது என்று காட்டணும் என்றார். இருந்தால் அப்பாவிடம்தான் இருக்கும். மின்வாரியத்தில் 35 வருடம் இருந்தவர். குந்தா பவர் ஹவுஸில் போட்ட முதல் சம்பளச் சீட்டுக்கூட அவரிடம் உண்டு.

அலமாரி மேல்தட்டில் ஒரு பழுப்பு ஃபைல். வரைபடம் இருந்தது, நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து. படிக்கட்டு தெளிவாக இருந்தது. பக்கத்தில் 'பொது வழி' என்று. அங்கீகாரம் வாங்கிய மனைப் பிரிவில் ரோடும் நடைபாதையும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுவிடும். மனை வாங்கியவர்களுக்கு அதில் நடக்கலாம் என்பதைத் தாண்டி வேறு உரிமை எதுவும் இல்லை. பூட்டுகிற உரிமை நிச்சயம் இல்லை.

வரைபடத்துக்கு அடியில் இருந்ததுதான் என்னை உட்கார வைத்தது. 1984 தேதியிட்ட ஒதுக்கீட்டு ஆணை. அப்பாவின் பெயருக்கு முன்னால் 'ஒதுக்கீடுதாரர்'. கீழே நிபந்தனைகள். வீட்டை விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, அனுமதியில்லாமல் மாற்றிக் கட்டக் கூடாது, தவணை தவறினால் ஒதுக்கீடு ரத்து. முழுத் தொகையும் கட்டி, கிரயப் பத்திரம் கையில் வாங்குகிறவரை வீடு வாரியத்துடையது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்றால், தெரியும். ஆனால் கீழ் வரிசையில் இருக்கிறவர்களிடம் உள்ள ஆணையையும் நான் பார்த்திருக்கிறேன், அக்காவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபோது. விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. அதே மொழி, அதே மிரட்டல். அந்த ஆணைக்கு அடியில் இன்னும் மூன்று காகிதங்கள். தவணை பாக்கிக்கு வந்த நோட்டீஸ்கள். மூன்றாவதில் 'இறுதி' என்று அடிக்கோடு. 1991, அத்தை கல்யாணம் நடந்த வருடம். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. எங்கள் வீடு எங்கள் கையை விட்டுப் போக இருந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. கிரயப் பத்திரத்தின் தேதி 2003. ஆக நான் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரி போகிறவரை, 'சொந்த வீடு' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்ட அந்த வீட்டில், நாங்களும் போர்டு வீட்டுக்காரர்கள்தான்.

அப்பா முன்னால் எல்லாவற்றையும் விரித்து வைத்தேன். கொஞ்சம் நாடகமாகத்தான் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீஸை மட்டும் எடுத்துப் படித்தார்.

"இதையெல்லாம் எதுக்குக் கிளறுற?"

"நாமளும் அப்படித்தானேப்பா இருந்தோம்."

"அப்படி இல்ல. நான் கட்டி முடிச்சேன். பத்தொம்பது வருஷம். வட்டியோட. உங்கம்மா வளையல் போச்சு. யாரும் எனக்குச் சும்மா குடுக்கல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் சரியான பதில் இல்லை. கட்டி முடித்தவருக்கு அந்தக் கர்வம் இருக்கும், இருக்கணும். வளையல் போனது நிஜம். ஆனால் மனையைச் சந்தை விலைக்கு அவர் வாங்கவில்லை. அரசாங்கம் நிலத்தை எடுத்து, சமப்படுத்தி, ரோடு போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவருக்குத் தவணையில் கொடுத்தது. குலுக்கலில் அவர் பெயர் வந்தது. அக்காவின் அப்பா பெயர் அந்தக் குலுக்கலில் இருக்கவே வழியில்லை. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவர் மனுப் போடத் துணிந்திருக்கவே மாட்டார். இதைச் சொன்னேன். அப்பா காகிதங்களை வரிசை மாறாமல் அடுக்கி, ஃபைலைக் கட்டினார். "செயலாளர் கேட்டா இல்லைன்னு சொல்லிரு" என்றார். யாருக்குச் சாதகமாக அப்படிச் சொன்னார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

சொல்லிவிட்டேன். தேடினேன், கிடைக்கவில்லை என்று.

அதற்கப்புறம் நான் செய்ததை என் நண்பர்கள் சிலர் பெரிய காரியம் என்கிறார்கள். அப்படி இல்லை. எல்லா ஓனர் வீட்டுக்கும் கேட்டின் சாவி ஒன்று கொடுத்திருந்தார்கள். எங்கள் சாவியை எடுத்துப்போய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் உடனே வாங்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியாதுக்கா."

கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்துவிட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார், இரண்டு கிலோ கேரட்டோடு. மார்க்கெட்டில் பத்துச் சாவி அடித்துவிட்டார்களாம். நான் ஏதோ பெருந்தன்மையாகச் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"மனு குடுத்ததக் குடுத்ததுதான் பாப்பா. கேட்ட எடுக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கோம். அதுவரைக்கும் இது."

வீட்டுக்கு வந்து கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுத்திருக்க வேண்டியது வரைபடத்தை. சாவி கொடுத்தால் நான் நல்லவள், அவர்கள் என்னிடம் கடன்பட்டவர்கள். அவ்வளவுதான் மாறும், பூட்டு பூட்டாகவே இருக்கும். வரைபடம் கொடுத்தால் எனக்கு நன்றி சொல்ல எதுவும் இல்லை. அது அவர்கள் வழி. ஆனால் வரைபடம் கொடுத்தால் தெருவில் என் அப்பாவிடம் நாலு பேர் பேச மாட்டார்கள். அதனால் சாவி கொடுத்திருக்கிறேன். அக்காவுக்கு இந்த வித்தியாசம் நான் போய்ச் சேரும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

ஒன்றேகால்

அப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் குறைந்துவிட்டது. ஹால் சோபாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் சொன்னவர்கள் வேறு. சாவி போய் ஒரு மாதம் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். வெளியே கேட் மெல்லத் திறக்கிற சத்தம். டார்ச் வெளிச்சம் ஒவ்வொன்றாகத் திரைச்சீலையில் ஏறி, நகர்ந்து, மறைந்தது. கடைசி ஆள் கேட்டைச் சத்தம் வராமல் சாத்தி, பூட்டிவிட்டுப் போனார். பூட்டிவிட்டு! அந்த நேரத்திலும்.

நான் இருட்டில் நிற்பது தெரியாமல், அல்லது தெரிந்தேதான், அப்பா சொன்னார்: "இன்னைக்கு எட்டுப் பேருதான். ரெண்டு பேரு வரல."

போன வாரம் செயலாளர் மறுபடி போன் பண்ணினார். மனுவை விசாரிக்க சர்வேயர் வருகிறாராம். எப்படியாவது அந்த வரைபடத்தை இன்னொரு தடவை தேடிப் பாருங்கள் என்றார். சரி என்று வைத்தேன். அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார்.

"சர்வேயர் எப்ப வராரு?"

"வியாழக்கிழமை."

கொஞ்ச நேரம் பேப்பர் திருப்புகிற சத்தம் மட்டும்.

"ஃபைலு அங்கதான் இருக்கு. குடுக்கறதா இருந்தா நீயே குடு. நான் குடுத்தேன்னு இருக்க வேணாம்."

இதை எழுதுகிறபோது செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஃபைல் மேஜைமேல் இருக்கிறது. வெளியே இன்னும் ஒன்றேகால் ஆகவில்லை.